கார் பார்க்கில் எழுந்த பிரசவ அறை

நிலநடுக்கம் என்பது கொப்புளிப்பான் அம்மை மாதிரி, ஒருமுறை போட்டவருக்கு மறுபடி போடாது என்று ஐம்பதாவது வயது வரை நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

இதை நான் எங்கும் படிக்கவில்லை. ஒருவரும் சொல்லித் தரவுமில்லை. முழுக்க முழுக்க என் சொந்தக் கண்டுபிடிப்பு. சுனாமி வந்தது, போனது. அதற்குப் பிறகு வெள்ளவத்தைக் கடல் தன்பாட்டில்தான் கிடக்கிறது. நிலமும் அப்படித்தான், ஒரு தரம் கோபப்பட்டுவிட்டு அடங்கிவிடும் என்று இருந்துவிட்டேன்.

அந்த நம்பிக்கையின் பலத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் தொடர்மாடியின் கார் பார்க்கில், ஒரு இரும்புச் சட்டத்தின் முகட்டில் குந்தியிருந்தேன். கீழே மூலைக்கு இரண்டு பேர் நின்று சட்டத்தின் கால்களைப் பிடித்து ஆட்டினார்கள். பல்கனிகளில் சனம். கட்டடத்திலேயே ஆகப் பாரமான ஆள் நான் என்று ஏகமனதாகத் தீர்மானித்துத்தான் ஏற்றியிருந்தார்கள்.

உயரத்தில் இருக்கிறவனுக்குப் பேச்சு வரும். எனக்கும் வந்தது.

"ஒருத்தரும் யோசிக்காதேங்கோ. இதை நானே நேபாளத்துக்குக் கொண்டுபோய்ப் பூட்டிக் குடுத்திட்டு வாறன். அங்க இனி என்ன பயம்? வர வேண்டியது வந்திட்டுது."

கீழே ஸ்பானருடன் நின்ற என் மனைவி ராஜி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆர் சொன்னது?"

"எது?"

"வர வேண்டியது வந்திட்டுது எண்டு."

"வந்ததுதானே! உலகம் முழுக்க ரி.வி.யில பாத்தது."

"அங்க இப்பவும் ஒவ்வொரு நாளும் ஆடிக்கொண்டுதான் இருக்குது. முதல் வந்ததைப் போல பெரிசு ஒண்டு இனியும் வரலாம்."

"எப்ப?"

"அது தெரிஞ்சா நான் ஏனப்பா உங்களை ஏத்தி வைச்சு ஆட்டிப் பாக்கிறன்?"

அந்தக் கணம் வரை கால்மேல் கால் போட்டிருந்த நான், முகட்டுக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தேன். இறக்கி விடும்படி கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எங்கள் வோச்சர் கீழேயிருந்து, "தவ டிக்கக் இன்ன, மாத்தயா!" என்று, இன்னும் கொஞ்சம் இருக்கச் சொல்லிச் சிங்களத்தில் கத்திவிட்டுச் சட்டத்தைக் கூடுதலாக ஒரு ஆட்டு ஆட்டினான்.

போன கிழமை இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் நான் நீச்சல் பழகிய கதையை வாசித்த வாசகி ஒருவர், "உங்களுக்குப் பயமில்லாத விஷயம் ஏதாவது உண்டா?" என்று எழுதிக் கேட்டிருக்கிறார். அம்மா, யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மலையிலிருந்து ஒரு அழைப்பு

முகட்டில் என்னைச் சற்று நேரம் இருக்க விட்டுவிட்டு, அந்த இரும்பு எப்படிக் கார் பார்க்குக்கு வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எனக்கு ஒரு ஹாட்வெயார் கடை. ஆணி, தகரம், குழாய், பூச்சு. ராஜி சிவில் இன்ஜினியர். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரரைச் சுகம் விசாரிப்பாள். நாங்கள் குடியிருக்கும் கட்டடத்திலேயே அவளுக்குப் பிடிக்காத சுவர்கள் மூன்று உண்டு. அதில் ஒன்று என் கட்டில் தலைமாட்டில் இருக்கிறது. இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் அவள்.

நேபாளத்து நிலநடுக்கச் செய்தி வந்த நாளில் நானும் எல்லாரையும் போல "ஐயோ" என்றேன். இடிந்த கோபுரங்களைப் பார்த்து நெஞ்சு கனத்தது. பிறகு தேத்தண்ணி குடித்தேன். பொய் சொல்லக் கூடாது.

சில நாள் கழித்து பிக்ரம் அழைத்தான். சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் தற்காலிகக் குடில்கள் போட வந்த நேபாளத்து இன்ஜினியர். ராஜியும் அப்போது வேலையிடத்தில் ஒரு வருட லீவு போட்டுவிட்டு அங்கேதான் நின்றாள். இருவரும் ஒரே வெயிலில் காய்ந்தவர்கள். கையால் புட்டுப் பிசையவும், "சரி, பாப்பம்" என்று சொல்லவும் அங்கேதான் அவன் பழகினான்.

அன்றைக்கு அவன் "சரி, பாப்பம்" சொல்லவில்லை.

அவனுடைய ஊர் மலைச்சரிவில். வாகனம் போகும் பாதை பாதியில் அறுந்துவிட்டது. மிச்சம் அரை நாள் நடை. ஊருக்கிருந்த ஒரே மருந்துச்சாலை கல்லால் கட்டியது. அது கற்குவியலாகக் கிடந்தது. சரிதா என்ற மருத்துவிச்சி, சோளத் தோட்டத்தில் ஒரு நீலத் தறப்பாளைக் கட்டி அதன் கீழே பிரசவம் பார்க்கிறாள். ஊரிலும் சுற்றுவட்டத்திலும் ஏழு பெண்கள் நிறைமாதத்தை நெருங்குகிறார்கள். அதற்குள் பெருமழைக்காலம் வந்துவிடும். அந்தச் சரிவில் மழை தொடங்கினால் தறப்பாளும் நிற்காது, நிலமும் நிற்காது.

"ஒரு அறை போதும் ராஜி. கல்லில்லாத அறை. இங்கே இரும்புமில்லை, வெல்டிங்காரருமில்லை. எல்லாரும் எல்லாவற்றையும் கேட்கிறார்கள்" என்றான்.

ராஜி போனை வைத்தாள். நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் கீறத் தொடங்கினாள். அரை மணித்தியாலம் கழித்து என்னைப் பார்த்து, "இஞ்சாருங்கோ, கடையில பொக்ஸ் பார் எவ்வளவு கிடக்குது?" என்று கேட்டாள்.

பொக்ஸ் பார் என்பது உள்ளே வெறுமையான சதுர இரும்புக் குழாய். கலியாணம் முடித்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. என் கடையைப் பற்றி அவள் ஆசையாக விசாரித்தது அன்றுதான்.

பனிக்கட்டியில் சறுக்கும் சப்பாத்து

கேட்டதை மட்டும் அனுப்பு. இது ராஜியின் சட்டம். இந்தச் சட்டம் பிறந்த இடத்தில் நானும் இருந்தேன்.

சுனாமி முடிந்த மாதம். கிழக்கில் ஒரு பள்ளிக்கூட மண்டபம் நிவாரணக் களஞ்சியமாக இருந்தது. நான் ஒரு லொறியில் ஆணியும் தகரமும் கொண்டு போயிருந்தேன். எங்கோ ஒரு குளிர் நாட்டிலிருந்து வந்த பெட்டிகளை உடைத்தார்கள். உள்ளே மயிர் வைத்த தடித்த கோட்டுகள். அதற்குக் கீழே, பனிக்கட்டியில் சறுக்கி விளையாடும் சப்பாத்துகள், சோடி சோடியாக.

வெளியே தார் இளகுகிற வெயில்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அனுப்பியவர்கள் நல்ல மனத்தோடுதான் அனுப்பியிருப்பார்கள். கடைசியில் ஒரு மீனவர் ஒற்றைச் சப்பாத்தைத் தூக்கிப் பாரம் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள சீமெந்து ஊத்தினா தோணிக்கு நங்கூரம் போடலாம்" என்றார். செய்தும் விட்டார். கரையில் அந்தச் சப்பாத்து நங்கூரத்தை நான் கண்ணால் கண்டேன்.

அன்று ராஜி ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று களஞ்சியக்காரருக்குச் சொன்னாள்: "இனிமேல் கேட்டு எழுதுவம். கேட்டது வந்தா இறக்குவம். இல்லாட்டி லொறியோட திருப்புவம்." அவள் குரல் நடுங்கியது. கோபத்தில்தான். பயத்தில் நடுங்குகிற குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது வேறு சுருதி.

சிவப்போடு சிவப்பு

சட்டத்தை வெட்டித் துளைத்துத் தந்தவர் கொட்டாஞ்சேனையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஹனீபா நானா. கேற்றும் யன்னல் கிறிலும்தான் அவருடைய தொழில். தாமரை, மயில், அன்னம் எது கேட்டாலும் கம்பியில் வளைப்பார். என் கடையில் இரும்பு எடுக்கிற ஆள்.

ராஜியின் தாளை அவர் மேலும் கீழுமாகத் திருப்பிப் பார்த்தார்.

"மொதலாளி, இதுல ஒரு சோடினையும் இல்லியே?"

"நானா, இது பிரசவ அறை" என்றாள் ராஜி.

"அதத்தான் நானும் செல்றன். புள்ள பொறக்கிற எடம். கதவுல ஒரு பூவாவது ஈக்க வாணாமா?"

"ஒரு பூ அரைக் கிலோ வரும். அதையும் ஒரு மனிசர்தான் மலையில சுமக்க வேணும்."

நானா பூவைக் கைவிட்டார். அவருடைய தொழில் வாழ்க்கையில் அது பெரிய தியாகம்.

கணக்கு இப்படி. எந்தத் துண்டும் ஒரு ஆள் முதுகில் சுமக்கிற பாரத்தைத் தாண்டக் கூடாது. ஆறடிக்கு மேல் நீளக் கூடாது. பெரிய குழாயின் நுனிக்குள் சின்னக் குழாய் நுழையும். குறுக்கே போல்ட் போட்டு இறுக்கினால் அதுதான் மூட்டு. மூலைத் துண்டுகளை நானா இங்கேயே ஒட்டி அனுப்புவார்; அங்கே வெல்டிங் தேவையில்லை. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த இரண்டு பேர் போதும். சுவருக்கு ஊர் மூங்கிற் பாயும் பலகையும். கூரைக்குத் தகரம்.

"நிலம் ஆடேக்க சட்டமும் கூட ஆட வேணும். விறைச்சு நிண்டால்தான் முறியும்" என்றாள் ராஜி.

எந்தத் துண்டு எதோடு சேரும் என்று எழுத எந்த மொழி? தமிழிலா, சிங்களத்திலா, ஆங்கிலத்திலா, நேபாளியிலா என்று நாங்கள் யோசிக்க, நானா என் கடையில் விற்காமல் கிடந்த பூச்சு டப்பாக்களைக் காட்டினார்.

"எழுத்து எதுக்கு? செவப்போட செவப்பு, பச்சையோட பச்சை. கண்ணு ஈக்கிறவனுக்குப் போதும்."

ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு நிறம். இரண்டு இரவு, மூன்று பகலில் வேலை முடிந்தது. கூலிப் பேச்சை நான் எடுத்ததும் நானா வெல்டிங் கண்ணாடியை முகத்தில் இறக்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவரோடு கதைக்க முடியவில்லை.

இறக்கப்பட்ட பிறகு

அப்படித்தான் சட்டம் கார் பார்க்குக்கு வந்தது, சோதனைக்கு. என்னை முகட்டிலிருந்து இறக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். இறங்கியதும் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. மூன்றாம் மாடி மிஸிஸ் தர்மலிங்கம் பிரஷர் மெஷினோடு வந்தார். இளைப்பாறிய ஆசிரியை, கட்டடத்தில் எல்லாருக்கும் அன்ரி.

"பிரஷர் நல்லாத்தான் இருக்குது தம்பி. ஆள்தான் சரியில்லை" என்றார்.

அன்று பின்னேரம் நான் ராஜிக்கு முழங்கால் நோவைப் பற்றிச் சொன்னேன். உயரமான இடத்தில் மூச்சு முட்டும் என்று ஒரு டொக்டர் சொன்னதைச் சொன்னேன். கடையைப் பார்க்க ஆளில்லை என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நான்தானே போறன்" என்றாள்.

"நீரோ? லீவு?"

"போன புதன்கிழமையே எடுத்திட்டன்."

"அப்ப நான் மேல இருந்து சொன்னது?"

"நீங்கள் வருவியள் எண்டு நான் நினைக்கவே இல்லையப்பா."

அதில் குத்தலே இல்லை. இன்றைக்கு மழை பெய்யும் என்பது போலச் சொன்னாள். அதுதான் எனக்குக் கூட நொந்தது.

வெறும் இடம் அனுப்புவது பாவம்

அடுத்த நாள் சட்டத்தைக் கழற்றிக் கட்டினோம். ராஜி கடைசி நாள் வேலைக்காகக் கந்தோருக்குப் போயிருந்தாள்.

வெள்ளவத்தைக்குப் பார்சல் என்றால் தனி மதிப்பு. போரில் பாதை பூட்டியிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்துக்கும், பிறகு லண்டனுக்கும் கனடாவுக்கும் பார்சல் கட்டிக் கட்டித் தேர்ந்த கைகள் இவை. ஒருவர் விமானம் ஏறுகிறார் என்று ஒழுங்கையில் தெரிந்தால் போதும். மிளகாய்த்தூள், ஒடியல், பருத்தித்துறை வடை என்று வரிசையாக வரும். சூட்கேசைக் கொழுக்கித் தராசில் தூக்கி, ஒரு ஊறுகாய்ப் போத்தலுக்கு இடம் மிஞ்சினால் அதையும் விடமாட்டார்கள்.

மிஸிஸ் தர்மலிங்கம் ஒரு குழாயைத் தூக்கிக் கண்ணருகே வைத்து, அதன் வழியாக என்னைப் பார்த்தார்.

"தம்பி குகன், இதுக்குள்ள இவ்வளவு இடம் சும்மா போகுதே!"

"அன்ரி, ராஜி கேட்டதை மட்டும்தான்..."

"பிள்ளை பெறப் போற ஏழு பெட்டையள். இங்கயிருந்து வெறும் இரும்பை அனுப்புறதோ? மனிசர் என்ன நினைக்குங்கள்?"

அந்த நேரம் நான் எப்படிப்பட்ட நிலையில் இருந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். மனைவி போகிறாள், நான் போகவில்லை. என்னிடமிருந்தும் ஏதாவது போக வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. "கொண்டு வாங்கோ" என்றேன்.

வந்தது. குழந்தைச் சட்டை, பஞ்சு, சவர்க்காரம், தேயிலை. எல்லாவற்றுக்கும் மேலாக, மிஸிஸ் தர்மலிங்கம் அன்று காலையே வறுத்து இடித்த சரக்குத்தூள். மல்லி, மிளகு, மஞ்சள், வேர்க்கொம்பு எல்லாம் சேர்ந்தது; பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் வீடுகளில் கறிக்குப் போடுகிற மருந்து. ஏழு பேருக்கு ஏழு பக்கெற். பொலித்தீனில் சுருட்டிச் சுருட்டி அவர் தந்தார். தும்புத்தடியைக் கவிழ்த்து அதன் பிடியால் நான் உள்ளே இடித்தேன்.

குழாய்க்குள் குழாய் நுழைய வேண்டும் என்பது நினைவிருந்தது. அதற்காக இரண்டு நுனியிலும் ஒரு சாண் விட்டேன். கெட்டிக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

பாரம் கொஞ்சம் கூடிவிட்டது. ராஜிக்குச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் நிவாரணச் சாமான் ஏற்றும் விமானமொன்றில் இடம் கிடைத்து, இரும்போடு இரும்பாக அவளும் போனாள்.

மாத்தறை ரயில்

அவள் போன பிறகு மேசையில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்தேன். நிலம் ஆடினால் தண்ணீர் காட்டிக் கொடுக்கும் என்று எங்கோ கேட்டிருந்தேன்.

எங்கள் கட்டடத்துக்கும் கடலுக்கும் நடுவே ரயில் பாதை. முதல் ரயிலுக்கே தண்ணீர் நடுங்கியது. சாரத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நான்கு மாடியும் ஓடி இறங்கினேன். கீழே மிஸிஸ் தர்மலிங்கம் மரக்கறிப் பையோடு நின்றார்.

"என்ன தம்பி, மாத்தறை ரயிலுக்கெல்லாம் ஓடுறீரோ? அது ஒரு நாளைக்குப் பத்துத் தரம் போகும். காலுக்குக் கூடாது."

திங்கட்கிழமை பின்னேரம் ராஜி அழைத்தாள். ஊருக்கு மேலே ஒரு முகட்டில் ஏறினால்தான் போன் பிடிக்கும்.

"இஞ்சாருங்கோ, பச்சைக் குழாய்க்குள்ள இருந்து இப்ப என்ன வந்தது தெரியுமோ?"

மேசையில் இருந்த தண்ணீர்க் கிளாஸை நான் தள்ளி வைத்தேன்.

"பிள்ளைச் சட்டை ஆறு. அதுக்குப் பின்னால ஒரு பக்கெற் சரக்குத்தூள். அது கிழிஞ்சு, பிக்ரம் அரை மணித்தியாலமாத் தும்முறான்."

"அது மிஸிஸ் தர்மலிங்கம்..."

"இடிச்சது ஆர்?"

"நான் ஒரு சாண் விட்டனான் ராஜி."

"அரை நாள் மலையில குலுங்கினா உங்கட சாண் எங்க நிக்கும்? எல்லாம் நுனிக்கு வந்து இறுகிப்போய்க் கிடக்குது. காலமை தொடங்கிக் கம்பி வளைச்சு இழுக்கிறம். இண்டைக்கு முடிக்க இருந்த வேலை. இனி நாளைக்குத்தான்."

"மன்னிச்சுக்கொள்ளும்."

"ஒரு பெட்டைக்கு நோ தொடங்கிற மாதிரி இருக்குதாம். சரிதா நாளைக்குப் பின்னேரத்துக்குள்ள அறை வேணும் எண்டு நிக்கிறா. நான் போறன்."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் கடையில் ஒருவருக்குத் தகரம் அளந்துகொண்டிருந்தேன். எதிர்க் கடை ரி.வி.யில் நேபாளம் என்று கேட்டது. பழையதைத் திருப்பிக் காட்டுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு "மீண்டும்" என்ற சொல் கேட்டது.

ராஜியின் போன் வேலை செய்யவில்லை. பிக்ரமின் போனும் இல்லை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். திங்கட்கிழமை முடிந்திருக்க வேண்டிய வேலை. என்னால் செவ்வாய்க்கிழமைக்குப் போனது. நிலம் ஆடிய நேரம் அவள் அந்தச் சட்டத்தின் மேல் நின்றிருப்பாள்.

நான் ஓடவில்லை. ஓட வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. தகரம் கேட்டு வந்தவருக்கு அளந்து கொடுத்தேன். கடைசியில் பார்த்தால் பிழையாக வெட்டிக் கொடுத்திருந்தேன்.

பின்னேரம் ஹனீபா நானா கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்தார். மிஸிஸ் தர்மலிங்கமும் வந்தார். அவரிடம், எங்களால்தான் ஒரு நாள் பிந்தியது என்று சொன்னேன்.

"அடைக்கச் சொன்னது நான். இடிச்சது நீர்" என்றார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, பெட்டியில் கலந்து கிடந்த போல்ட்களை அளவு அளவாகப் பிரிக்கத் தொடங்கினார். அவர் கையைச் சும்மா விட்டு நான் பார்த்ததில்லை, அன்றும் விடவில்லை. நானும் நானாவும் சேர்ந்துகொண்டோம்.

"நான் போட்ட ஒட்டு விடாது மொதலாளி" என்றார் நானா. சற்று நேரம் கழித்து, யாரிடமும் என்றில்லாமல், "மஞ்சள் மூட்டு ரெண்டு தரம் போட்டன். நீலம் ரெண்டு தரம். செவப்பு..." என்று மனத்திலிருந்து ஒவ்வொன்றாக எண்ணினார். சிவப்பில் நின்றுவிட்டார். "செவப்பும் ரெண்டு தரந்தான்" என்று பிறகு சொன்னார்.

புதன்கிழமை காலையிலும் அவர்கள் இருவரும் வந்தார்கள். பிரிப்பதற்குப் போல்ட் மிச்சமிருக்கவில்லை. பிரித்ததையெல்லாம் கலந்துவிட்டு மறுபடி தொடங்கினோம்.

நடந்தது

புதன்கிழமை பின்னேரம் போன் அடித்தது.

"இஞ்சாருங்கோ, அரை அங்குல போல்ட் எவ்வளவு வைச்சிருக்கிறியள்?"

போனை நானாவிடம் நீட்டினேன். அவர் வாங்கினார். "தங்கச்சி, ஒட்டு?" என்று கேட்டார்.

"ஒண்டும் விடேல்லை நானா" என்ற குரல் எனக்கும் கேட்டது. "பக்கத்து ஊருகளுக்கு இன்னும் மூண்டு அறை வேணுமாம். நிறம் மாத்தாமல் அதே மாதிரிச் செய்யுங்கோ."

மிஸிஸ் தர்மலிங்கம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எந்தப் போல்ட் எந்தக் குவியலில் என்று எனக்குக் காட்டினார்.

மிச்சத்தை ராஜி திரும்பி வந்த பிறகுதான் கேட்டறிந்தேன். அவளாகச் சொல்லவில்லை, சரிதாவும் பிக்ரமும் எழுதியதையும் சேர்த்து, கேட்டுக் கேட்டுத்தான் எடுத்தேன். இந்தப் பக்கத்தில் நான் வழக்கமாகக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள். இதில் கூட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நிலம் ஆடியபோது ராஜி முகட்டில் இருந்தாள். நான்கு போல்ட் இறுக்க மிச்சமிருந்தன. சட்டம் ஒரு பக்கம் சாய்ந்தது, மறுபக்கம் சாய்ந்தது, நின்றது. அவளுக்கு இடது கையில் ஒரு கீறல். ஊரில் மிஞ்சியிருந்த கல்வீடுகளும் விழுந்தன. சனம் தோட்டத்தில் நின்றதால் உயிருக்கு ஒன்றுமில்லை. அவள் இறங்கவில்லை. மேலேயே இருந்து அந்த நான்கு போல்ட்டையும் இறுக்கினாள். பிறகு இறங்கி, தளர்ந்த மூட்டுகளைச் சுற்றி வந்து இறுக்கினாள். இருட்டுவதற்குள் தகரம் போட்டார்கள்.

மறுநாள் விடிகாலை அந்த அறையில் முதல் குழந்தை பிறந்தது. பெண். அந்தத் தாயோடு சேர்த்து மழை தொடங்குவதற்கு முன் ஐந்து பேரும், முதல் மழையன்று ஒருவரும் அங்கே பெற்றார்கள். ஏழாமவள் அறைக்கு வந்து சேரவில்லை. வரும் வழியில் சோளத் தோட்டத்தில் பெற்றாள். ஏழு குழந்தைகளும் ஏழு தாய்மாரும் சுகம்.